வேர்வைக்கு எடை போட்ட காலம்

என் பேரன் கால்பந்து கற்றுக்கொள்ளும் இடத்தில், ஆடுவதற்கு முன்னால் ஒரு தடவை, ஆடி முடித்த பின் ஒரு தடவை என்று பிள்ளைகளுக்கு எடை பார்க்கிறார்களாம். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தண்ணீர் வேர்வையாகப் போயிருக்கிறது, அதைக் குடித்து ஈடுகட்டவேண்டும் என்று கணக்கு. ஏதோ நிலாவுக்கு ஆள் அனுப்புகிற விஷயம் மாதிரி கண்ணை விரித்துக்கொண்டு சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதெல்லாம் செஞ்சியில நாங்க அப்பவே செஞ்சிட்டோம்டா" என்றேன். அவன் நம்பவில்லை. தாத்தாக்கள் எல்லோருமே எல்லாவற்றையும் அப்போதே செய்து முடித்தவர்கள்தானே.

ஆனால் நான் சொன்னது பொய்யில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர் டீமில் தினமும் இரண்டு முறை எடை பார்த்தோம். ஒரே ஒரு வித்தியாசம். எடை இறங்கியவனுக்கு இவர்கள் தண்ணீர் கொடுக்கிறார்கள். நாங்கள் கை தட்டினோம்.

எங்கள் குடும்பத்துக்குத் தொழில் மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். மேல்சித்தாமூர், தொண்டூர், தளவானூர் என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும். வீசையும் மணங்கும் போய் கிலோ வந்த புதிது. என் நைனா அதற்கென்றே பிளாட்பாரத் தராசு ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். மூட்டையை மேலே ஏற்றிவிட்டு, கம்பியில் இருக்கும் குண்டை நகர்த்தினால் எடை தெரியும். கால் கிலோ வித்தியாசம்கூடக் காட்டும். நான் பி.யூ.சி.யில் கோட்டை விட்டுவிட்டு, (செஞ்சிக்காரனுக்கு அது ஒன்றும் புதிதில்லை என்று என் காலேஜ் வாத்தியார் கிண்டல் செய்தார்) அந்தத் தராசுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். வயது இருபத்திரண்டு.

ஊர் டீமுக்கு நான்தான் கேப்டன். ஆட்டத்தில் கெட்டிக்காரன் என்பதால் இல்லை, பந்து என்னுடையது. பிளாடர் மாற்றுவதும், தோலுக்கு நாடா கட்டுவதும், தேங்காய் எண்ணெய் தடவி வைப்பதும் என் வேலை. அதனால் யார் ஆடுவது, யார் உட்காருவது என்பதையும் நானே முடிவு செய்தேன். யாரும் கேள்வி கேட்டதில்லை. கேட்டால் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி இரண்டு முறை போயுமிருக்கிறேன்.

கோட்டைக்குப் போகும் சாலையின் ஓரத்தில் ஒரு தரிசு நிலம்தான் எங்கள் மைதானம். எங்களில் எவனிடமும் கைக்கடிகாரம் கிடையாது. ராஜகிரி மலையின் நிழல் இறங்கி வந்து மேற்குப் பக்கத்துக் கோல் கம்பத்தைத் தொட்டால் ஆட்டம் ஆரம்பம். சித்திரை மாதத்தில் அந்த நிழல் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடும். பகலெல்லாம் காய்ந்த பாறை, நிழல் விழுந்த பிறகும் அடுப்பு மாதிரி அனல் கக்கிக்கொண்டிருக்கும். அந்த அனலில்தான் ஓடினோம். பாதி பேருக்குக் காலில் ஒன்றும் கிடையாது. நெருஞ்சி முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடியும் ஓடுவோம். இன்றைக்கும் யாராவது "சந்தோஷம்" என்று சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது முதுகோடு ஒட்டிக்கொண்ட பனியனும், உதட்டில் கரிக்கிற வேர்வை உப்பும்தான். அப்படி ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததில்லை.

தண்ணீர் மட்டும் கிடையாது. ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிற்றில் பிடித்துக்கொள்ளும், கால் கனத்துப்போகும், நுரையீரலில் ஏறிவிடும் என்று அன்றைக்கு ஊர் முழுக்க நம்பியது. நான் அதைச் சட்டமாகவே ஆக்கியிருந்தேன். நடுவில் ஒரு முறை வாய் கொப்பளிக்கலாம். விழுங்கக் கூடாது. எங்கள் கோல் கீப்பர் ஆரம்பப் பள்ளி வாத்தியார். அவர் ஒவ்வொருவன் எதிரிலும் நின்று, தொண்டை முடிச்சு அசைகிறதா என்று குனிந்து பார்ப்பார். அசைந்தால் மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு விழுங்காமல் துப்புவது எவ்வளவு பெரிய தவம் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் கூட்டமாக மண்டிக்கு வருவோம். போகும்போது பார்த்த எடை மண்டியின் கதவுப் பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும். திரும்பி வந்து பார்த்த எடையை அதற்குப் பக்கத்தில் எழுதுவோம். ஒரு கிலோ இறங்கியவன் உழைத்தவன். ஒன்றரை கிலோ இறங்கியவன் வீரன். அரை கிலோதான் இறங்கினான் என்றால், "இன்னாடா, மைதானத்துல படுத்துத் தூங்கினியா?" என்று கேட்போம். அதிகம் இறங்கியவனைத் தோளில் தூக்கி ஒரு சுற்று. நான் அப்போதே கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன். என் உடம்பில் வேர்வைக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் தோளில் ஏறுகிறவன் நான்தான்.

இதிலும் திருட்டு நடந்தது. ஒரு வாரம் எங்கள் வாத்தியார் தினமும் இரண்டு கிலோ இறங்கினார். நின்ற இடத்தை விட்டு நகராத கோல் கீப்பருக்கு இரண்டு கிலோ எப்படிப் போகும்? ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கூழாங்கற்கள் குவியலாகக் கிடந்தன. மனிதர் கல்லை டவுசர் பையில் போட்டுக்கொண்டு எடை பார்த்துவிட்டு வந்து, இங்கே கொட்டியிருக்கிறார்! தொண்டை முடிச்சைப் பார்க்கிற மனிதரே இப்படி என்றால் யாரைத்தான் நம்புவது? அன்றிலிருந்து எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம். அந்தச் சந்தேகம் போய் விழுந்தது விழக்கூடாத இடத்தில்.

எங்கள் லெஃப்ட் அவுட் ஆட்டக்காரன் என் வயதுதான். எங்கள் மண்டியிலேயே மூட்டை தூக்குகிறவன். ஊருக்கு வெளியே இருந்த காலனியிலிருந்து விடியற்காலையில் வந்துவிடுவான். சாயங்காலம் கடைசி வண்டியை அனுப்பிவிட்டு, சும்மாட்டுத் துணியை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு அப்படியே மைதானத்துக்கு வருவான். அவனுடைய இடது கால் ஒரு அதிசயம். பந்து அந்தக் காலோடு பேசிக்கொண்டே போகும். எதிரில் நிற்கிறவன் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யோசித்து முடிப்பதற்குள் அவன் கோலுக்குப் பக்கத்தில் இருப்பான். மண்டியில் என்னைச் "சின்ன மொதலாளி" என்று கூப்பிடுகிறவன், மைதானத்தில் "ஏய், பந்த உடுடா!" என்று கத்துவான். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். எங்கள் டீமில் சாதி கிடையாது என்று நான் வெளியூர்க்காரர்களிடம் மார்தட்டிக்கொள்வதும் அவனை வைத்துத்தான்.

ஆனால் அவனுடைய எடை மட்டும் இறங்காது. ஆட்டத்துக்கு முன்னால் ஐம்பதரை. ஆட்டம் முடிந்தால் ஐம்பதே கால். கால் கிலோவுக்கு மேல் ஒருநாளும் இறங்கியதில்லை. எங்கள் எல்லோருடைய பனியனும் பிழிந்தால் கொட்டுகிற மாதிரி இருக்க, அவன் உடம்பு மட்டும் காய்ந்துபோய், அங்கங்கே உப்புப் பூத்து வெளுத்திருக்கும். எல்லோரையும்விட அதிகம் ஓடுகிறவன் அவன்தான். அப்படியானால் எங்கேயோ ஒளிந்து தண்ணீர் குடிக்கிறான் என்றுதானே அர்த்தம்? என் புத்தி அப்படித்தான் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் டீம் எங்கள் ஊருக்கு ஆட வருவதாக ஏற்பாடு. அதற்கு முன் மூன்று வருஷமாக அவர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை பயிற்சியின் நடுவில் அவன் வரப்போரம் தனியாகப் போய்க் குந்திக்கொண்டான். முகத்தில் ஈரம் இருந்தது. வாய் கொப்பளிக்கக் கொடுத்த தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டான் என்று இப்போது தெரிகிறது. அப்போது சந்தேகம் என் கண்ணை மறைத்துவிட்டது.

"இன்னாடா, குடிச்சியா?"

"இல்லியே."

"அப்புறம் எப்பிடிரா ஒனக்கு மட்டும் எடை எறங்க மாட்டேங்குது? எல்லாரும் வேர்வை சிந்துறோம், நீ மட்டும் இன்னா மகாராஜாவா?"

அவன் எழுந்து நின்றான். "குடிக்கல, மொதலாளி" என்றான்.

மைதானத்தில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபம் வந்துவிட்டால் நான் சுருக்கென்றதைக் கவனிக்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ ஆட வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவன் சும்மாட்டுத் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான். அவனை விட்டால் இடது ஓரத்தில் ஆட எங்களுக்கு ஆள் கிடையாது. வாத்தியார் என் காதுக்கருகில் வந்து, "கேப்டன், தோத்துடுவோம்" என்றார். கூழாங்கல் பொறுக்கியவருக்குப் பேச வாயில்லை என்று அவரையும் அடக்கினேன்.

சனிக்கிழமை காலையில் தராசுக்கு முத்திரை போட விழுப்புரத்திலிருந்து அதிகாரி வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்து வைக்கச் சொன்னார் நைனா. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. எடைக்கற்கள் எல்லாம் உள்ளே மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தன. நான் சோம்பேறி. அப்போதுதான் வேலைக்கு வந்து நின்றவனைப் பார்த்து, அந்த வாரம் அவனோடு பேசவே இல்லை என்பதையும் மறந்து, "மேல ஏறு" என்றேன். தினமும் சாயங்காலம் ஐம்பதரை காட்டுகிறவன்தானே, இவனைவிட வேறு எடைக்கல் எதற்கு?

ஐம்பத்துமூன்று காட்டியது.

"தராசு கெட்டுப்போச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் நைனா உள்ளேயிருந்து ஓடிவந்தார். எடைக்கற்களை இழுத்து வந்து ஒவ்வொன்றாக வைத்தோம். இருபது, இருபதாகவே இருந்தது. ஐம்பது, ஐம்பதாகவே இருந்தது. நான் ஏறி நின்றேன். முந்தின நாள் சாயங்காலம் கதவில் எழுதியிருந்த என் எடை அப்படியே இருந்தது. தராசில் ஒரு குறையும் இல்லை. அதிகாரி வந்து முத்திரை போட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அன்று வேலையே ஓடவில்லை. ஒரு லாரி லோடு ஏற்றினார்கள். வெயில் தகரக் கூரையில் இறங்கி மண்டி வெந்துகொண்டிருந்தது. அவன் கொக்கியைப் போட்டு மூட்டையை முதுகில் வாங்குவதும், பலகை மேல் ஏறுவதும், இறங்குவதுமாக இருந்தான். முதுகில் வேர்வை ஓடையாக ஓடி, மூட்டையின் சாக்கு நனைந்திருந்தது. மத்தியானத்துக்கு மேல் அந்த ஓடை சிறுத்தது. மூன்று மணிக்கு மேல் முதுகு காய்ந்துவிட்டது. வேலை முடிந்ததும் மறுபடியும் ஏறச் சொன்னேன். ஐம்பதரை.

அப்போதுதான் உறைத்தது. நாங்கள் எடை பார்க்க ஆரம்பிக்கும் நேரத்துக்கு முன்பே அவன் உடம்பு வற்றி முடிந்திருந்தது. மைதானத்தில் சிந்துவதற்கு அவனிடம் வேர்வை மிச்சமில்லை. காலையிலிருந்து எல்லாம் எங்கள் மூட்டைகள் மேலேயே விழுந்திருக்கிறது. அந்த வற்றிய உடம்பை வைத்துக்கொண்டுதான் அவன் எங்கள் எல்லோரையும்விட அதிகம் ஓடியிருக்கிறான். நானோ உட்கார்ந்த இடத்திலேயே வேண்டிய மட்டும் தண்ணீரும், வீட்டிலிருந்து வரும் மோரும் குடித்துவிட்டு, ஓடினால் ஒன்றரை கிலோ இறங்கி, தோளில் ஏறிச் சவாரி செய்தேன்.

"பகல்ல ஏண்டா தண்ணி குடிக்கிறதில்ல?" என்று கேட்டேன்.

"காலைல கூழ் குடிச்சிட்டு வர்றேன். அதோட சரி."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

அவன் என்னை, இது தெரியாமலா கேட்கிறாய் என்பது போலப் பார்த்தான். "பானைல நாங்க கை வெக்கக் கூடாது இல்ல. யாராச்சும் ஊத்தணும். சீசன் நேரத்துல யாரு வந்து ஊத்துவாங்க? ரெண்டு வாட்டி கேப்பேன், அப்புறம் உட்ருவேன்."

பானை என் நாற்காலிக்குப் பின்னால்தான் இருந்தது. காலனியிலிருந்து வருகிறவர்கள் அதைத் தொடக் கூடாது. மேஜையில் இருக்கிறவர் சொம்பில் மொண்டு, அவர்கள் கையைக் குவித்து நிற்க, மேலேயிருந்து ஊற்றவேண்டும். நைனா காலத்துக்கும் முந்திய வழக்கம். மேஜையில் இருந்தது நான். "அப்புறம் ஊத்தறேன், போ" என்று தலை நிமிராமலே சொன்னதும் நான். யார் கேட்டார்கள், யாருக்குச் சொன்னேன் என்பதுகூட எனக்கு நினைவில்லை. நினைவில்லாத அளவுக்கு அது எனக்குச் சாதாரணமாக இருந்திருக்கிறது. மைதானத்தில் ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை வீரம் என்று நினைத்தவன், எனக்கு ஆறடி தூரத்தில் ஒருவன் பகல் முழுக்க அதைச் செய்துகொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"தப்பு என்மேலதான். நாளைக்கு வாடா" என்றேன்.

"சந்தேகம் தீந்துச்சா?"

"தீந்துச்சு."

"அப்ப வர்றேன்" என்று சிரித்தான். அவ்வளவு லேசில் சிரித்துவிட்டானே என்று எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிரவே நைனாவிடம் போய், வேலை செய்கிறவர்கள் தாகத்தோடு யாருக்கும் காத்துக்கொண்டு நிற்கக் கூடாது, வேண்டும்போது அவர்களே குடிக்கவேண்டும் என்று சொன்னேன். "ம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் சட்டத்தை நானே உடைத்தேன். வீட்டுக் கிணற்றிலிருந்து அண்டா நிறையத் தண்ணீர் இறைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்புப் போட்டு, கைவண்டியில் வைத்து மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "கேப்டனுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு" என்றார் வாத்தியார். ஒரே அண்டா, ஒரே டம்ளர். ஆட்டத்துக்கு முன்னாலும், ஹாஃப் டைமிலும் எல்லோரும் மொண்டு மொண்டு குடித்தோம். அவனும் மொண்டு குடித்தான். யாருக்கும் வயிற்றில் பிடிக்கவில்லை. நுரையீரலிலும் ஏறவில்லை. திண்டிவனத்துக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெறும் வாயைக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது பாதியில் அவர்கள் கால்கள் துவண்டன. அவனோ அப்போதுதான் ஆரம்பித்தவன் மாதிரி ஓடினான். அவன் உடம்பில் வேர்வை மினுமினுத்ததை நான் மைதானத்தில் முதல்முறையாகப் பார்த்தேன். கடைசிக் கட்டத்தில் இடது ஓரமாகவே இரண்டு பேரைத் தாண்டிப் போய் ஒன்று அடித்தான். ஒன்றுக்கு சைபர். மூன்று வருஷத்துத் தோல்வி ஒரே உதையில் போயிற்று. வாத்தியார் கோலை விட்டுவிட்டு மைதானத்தின் இந்தக் கோடிவரை ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

ஊர்வலமாக மண்டிக்கு வந்தோம். நைனாகூடக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். அவனைத் தராசில் ஏற்றினோம். அவ்வளவு குடித்தும் ஒன்றே முக்கால் கிலோ இறங்கியிருந்தான். அன்றைக்கு அவனைத்தான் தோளில் தூக்கினோம். இறக்கி விட்டதும் அவன் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே நேராக என் நாற்காலிக்குப் பின்னால் போனான். மூடியை எடுத்தான். சொம்பை விட்டு மொண்டான். குடித்தான். இன்னொரு முறை மொண்டு குடித்தான். மைதானத்தில் அண்டாவில் மொண்ட அதே கை, அதே மாதிரி. எங்களில் யாருக்கும் அது வித்தியாசமாகவே படவில்லை. எனக்கு மட்டும் நெஞ்சு நிறைந்துபோயிற்று. நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலையில் என் நாற்காலிக்குப் பின்னால் புதுப் பானை ஒன்று இருந்தது. பழைய பானை வெளியே, லாரி நிற்கிற இடத்தில், ஒரு தகர டம்ளரோடு இருந்தது.

"அது அவங்களுக்கு" என்றார் நைனா. "யாருக்கும் காத்துக்கினு நிக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

நைனா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். பெரிய நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு நின்றார். மைதானத்தில் நான் கத்தினால் கோட்டை வாசல்வரை கேட்கும் என்பார்கள். அன்றைக்கு எனக்குச் சத்தமே வரவில்லை. போய் உட்கார்ந்தேன். பதினொரு மணி வாக்கில் தாகம் எடுத்தது. கை தானாகப் பின்னால் போயிற்று. புதுப் பானையிலிருந்து மொண்டு குடித்து நிமிர்ந்தபோது, முதுகில் மூட்டையோடு அவன் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை அவன் ஆட வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. மண்டி வேலைக்கு மட்டும் ஒருநாள் தவறாமல் வந்தான். சனிக்கிழமை நான் அவன் வழியை மறித்துக்கொண்டு, "ஏண்டா வர மாட்டேங்கற? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"ஒடம்புக்கு இன்னா மொதலாளி, நல்லாத்தான் இருக்குது. தண்ணிதான் இப்பத் தாராளமா கெடைக்குதே" என்றான். கோபமே இல்லாமல், நிதானமாகச் சொன்னான். "அங்க உங்களோட ஒரே அண்டாவுல குடிச்சிட்டு, மறாநாள் இங்க வந்து வெளில நின்னு குடிக்க முடியல. தண்ணி மாத்தி மாத்திக் குடிச்சா எனக்கு ஒத்துக்கல."

மூட்டையைத் தராசில் இறக்கி வைத்துவிட்டு, எடை சொல்வதற்காகக் காத்து நின்றான். நான் தலையைக் குனிந்துகொண்டு குண்டை நகர்த்தினேன்.